ஓராளுக்கு ஒரு கட்டணம்

2025 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஓர் ஆசனத்துக்குள் அடங்காத உடல்வாகு கொண்ட பயணிகள் 2026 ஜனவரி 27 முதல் பக்கத்து ஆசனத்தையும் முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கிவிட வேண்டும். பயணம் முடிந்தபின் அந்தக் காசைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் விமானம் புறப்பட்டபோது ஓர் ஆசனமாவது விற்கப்படாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டு ஆசனங்களும் ஒரே வகைக் கட்டணத்தில் வாங்கப்பட்டிருக்க வேண்டும். தொண்ணூறு நாட்களுக்குள் கேட்டுவிடவும் வேண்டும். அதற்கு முன்பு பல ஆண்டுகளாக அந்த நிறுவனத்தின் வழக்கம் வேறு. முன்கூட்டி வாங்கியவர்களுக்குப் பயணம் முடிந்ததும் காசு திரும்பிவிடும். வாங்காமல் வந்தவர்கள் விமான நிலையத்தில் பணியாளரிடம் கேட்டால் இரண்டாவது ஆசனத்தை இலவசமாகவே தருவார்கள். பெட்டிக்குக் காசில்லை, பருமனுக்குக் காசில்லை என்று பெயர் வாங்கிய நிறுவனம் அது. பெட்டிக்குக் காசு வாங்கத் தொடங்கியது 2025 மே மாதத்தில். மற்றதற்கும் அதிக காலம் எடுக்கவில்லை.

இந்தச் செய்தி வந்த நாட்களில் ரொறன்ரோவில் ஒரு பிறந்தநாள் விருந்தில் இதுபற்றிப் பேச்சு வந்தது. "இரண்டு ஆசனத்தில இருக்கிற ஆள் இரண்டு ஆசனத்துக்குக் காசு குடுக்கிறதில என்ன பிழை?" என்றார் ஒருவர். அங்கிருந்த அநேகமாக எல்லோரும் தலையாட்டினார்கள். இன்னொருவர் நம்மவர்களுக்கே உரிய வாதத்தை எடுத்துவிட்டார். "நாங்கள் பெட்டியில ஒரு கிலோ கூடினாலே தண்டம் கட்டுறம். எனக்குப் பக்கத்தில இருந்தவர் என்னைவிட அம்பது கிலோ கூட. அவருக்கு ஒண்டும் இல்லையோ?"

இருபத்துமூன்று கிலோவுக்காகக் குளியலறைத் தராசில் பெட்டியை ஏற்றி இறக்கி, கடைசியில் அரைக்கிலோ மிளகாய்த்தூளை எடுத்துக் கைப்பைக்குள் திணித்த அனுபவம் இல்லாத தமிழ் வீடு இங்கே இருக்குமா தெரியவில்லை. அதனால் அந்த வாதம் சபையில் நன்றாக எடுபட்டது. எனக்கு மட்டும் அதில் இரண்டு வேறு விடயங்கள் ஒன்றாகக் கலந்து கிடப்பதாகப் பட்டது. ஒன்று நிறை, மற்றது அகலம்.

நிறையை முதலில் பார்ப்போம். ரொறன்ரோவிலிருந்து டுபாய்க்கோ லண்டனுக்கோ போகும் விமானங்களில் ஒரு வகை போயிங் 777-300ஈஆர். தன் சொந்த நிறை, எரிபொருள், சாமான், சனம் எல்லாமாகச் சேர்த்து அது புறப்படக்கூடிய உச்ச நிறை ஏறத்தாழ 351 தொன். ஐம்பது கிலோ என்பது அதில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. பெட்டிக்கு வைத்த எல்லைக்குத் தூக்கி ஏற்றுகிற தொழிலாளியின் முதுகும் ஒரு காரணம், கூடுதல் வருமானம் இன்னொரு காரணம். விமானம் பறக்குமா என்ற கவலை அதில் பெரிதாக இல்லை.

சின்ன விமானங்களின் கதை வேறு. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் சார்லற் நகரில் பத்தொன்பது பேர் ஏறக்கூடிய பீச்கிராஃப்ற் விமானம் ஒன்று புறப்பட்ட உடனேயே விழுந்தது. அதிலிருந்த இருபத்தொரு பேரும் இறந்தார்கள். பராமரிப்பில் நடந்த தவறு ஒரு காரணம். வாலடிப் பக்கம் பாரம் கூடியிருந்தது மற்றக் காரணம். பயணி ஒருவரின் சராசரி நிறை என்று கணக்கில் எழுதிவைத்திருந்த எண், உண்மையான மனிதர்களை விடக் குறைவாக இருந்தது. அதன்பின் அமெரிக்க விமானத்துறை நிர்வாகம் அந்தச் சராசரியைக் கூட்டியது. கவனிக்க வேண்டியது, கணக்கைத்தான் திருத்தினார்கள். யாரையும் தராசில் ஏற்றி ஆளுக்கேற்ற காசு வாங்கவில்லை.

ஆளுக்கேற்ற காசு வாங்கிய நிறுவனமும் ஒன்று இருந்தது. பசிபிக் தீவுகளில் ஒருசிலர் மட்டுமே ஏறக்கூடிய சிறு விமானங்களை ஓட்டிய சமோவா எயர், கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்து 2013இல் உலகச் செய்தியானது. அப்போது எல்லோரும் சிரித்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது என்றே நினைக்கிறேன். நிறைக்குக் காசு என்றால் சின்னப் பிள்ளைக்குச் சின்னக் காசு. பெரிய நிறுவனங்கள் அந்தப் பக்கம் போகமாட்டா. ஆறு வயதுப் பிள்ளை அரை ஆசனத்தில் சுருண்டு படுத்துக்கொண்டு வருகிறது. மிச்ச அரை ஆசனத்துக்கான காசை யாராவது நமக்குத் திருப்பித் தந்ததுண்டா? பிள்ளை ஓர் ஆள், ஆகவே ஓர் ஆசனம் என்பார்கள். ஆளைக் கணக்கெடுப்பதா, இடத்தைக் கணக்கெடுப்பதா என்ற கேள்விக்கு எது இலாபமோ அதுவே அங்கு விடை.

இனி அகலம். பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. போயிங் 777 வந்த காலத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கு ஒன்பது ஆசனங்கள் வைத்தன. அதே உடலுக்குள் பத்தாவது ஆசனத்தைச் செருகும் பழக்கம் பின்னர் பரவியது. எயர் கனடா தனது 777இல் பத்தாவதைக் கொண்டுவந்தது 2013இல். போயிங் 787ஐ வரிசைக்கு எட்டு என்று காட்டி அறிமுகப்படுத்தினார்கள். இன்று அநேகமாக எல்லோரும் ஒன்பது வைத்திருக்கிறார்கள். விளைவாக ஓர் ஆசனத்தின் அகலம் ஏறத்தாழ பதினேழு அங்குலம், அதாவது நாற்பத்துமூன்று சென்ரிமீற்றர். விமானத்தின் சுவர் நகரவில்லை. கைப்பிடிகள்தான் நெருங்கி வந்தன.

ஒரு நாடாவை எடுத்து உங்கள் வீட்டில் உள்ள வளர்ந்த ஆண் ஒருவரின் தோளை, ஒரு புயத்தின் வெளிவிளிம்பிலிருந்து மறு புயம் வரை, அளந்து பாருங்கள். ஒல்லியான ஆளாக இருந்தாலும் பதினேழைத் தாண்டும் வாய்ப்பே அதிகம். அப்படியான மூன்று பேரைப் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினால் நடுவில் இருப்பவர் பன்னிரண்டு மணி நேரமும் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் சரிந்து இருக்க வேண்டியதுதான். பருமனான பயணி வந்துதான் இடம் போனது என்பதில்லை. இடம் முதலே போய்விட்டது. அவர் வந்ததும் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

இதை யாரும் தட்டிக் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். அமெரிக்காவில் பயணிகள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி பற்றீசியா மில்லெற், சுருங்கிக்கொண்டே போகும் ஆசனத்தைப் பற்றித் துப்பறியும் கதைக்குத் தலைப்பிடுவதுபோல நையாண்டியாக எழுதித் தீர்ப்பைத் தொடங்கினார். 2018இல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, ஆசனத்தின் குறைந்தபட்ச அளவை ஓராண்டுக்குள் நிர்ணயிக்கும்படி விமானத்துறை நிர்வாகத்துக்குச் சொன்னது. நிர்வாகம் ஒக்லஹோமா நகரில் ஒரு பரிசோதனை நடத்தியது. ஆபத்து நேரத்தில் எல்லோரும் தொண்ணூறு விநாடிக்குள் வெளியேற வேண்டும் என்பது விதி. நெருக்கமான ஆசனங்கள் அதற்குத் தடையா என்று பார்த்தார்கள். தடையில்லை என்று முடிவு வந்தது. பரிசோதனையில் பங்குபற்றியவர்கள் அறுபது வயதுக்குட்பட்ட, உடற்குறை எதுவுமில்லாத வளர்ந்தவர்கள். குழந்தை இல்லை, கிழவி இல்லை, ஊன்றுகோல் இல்லை. அப்படி ஒரு விமானத்தில் நான் இதுவரை ஏறியதில்லை. 2023 மார்ச்சில், அளவை நிர்ணயிக்கும்படி நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது.

பக்கத்தில் இருப்பவரின் வேதனையைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. அவரும் முழு ஆசனத்துக்குக் காசு கொடுத்தவர். 2002இல் வேல்ஸைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு வேர்ஜின் அட்லாண்டிக் நிறுவனம் 13,000 பவுண் நட்டஈடு கொடுத்தது. லொஸ் ஏஞ்சலிஸ் வரைக்கும் ஒரு பருமனான பயணியின் பக்கத்தில் நசுங்கியபடி போனதில் அவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தது. இதில் நான் கவனித்தது, காசைக் கட்டியது யார் என்பதை. பக்கத்தில் இருந்த பயணி கட்டவில்லை, நிறுவனம் கட்டியது. ஒரே ஆறு அங்குலத்தை இரண்டு பேருக்கு விற்றது அதுதானே. ஆனால் விமானத்துக்குள் அந்த ஆறு அங்குலத்துக்காக முறைத்துக்கொள்பவர்கள் இரண்டு பயணிகளும்தான். விற்றவர் அங்கு இல்லை.

எங்கள் பேச்சு வழக்கும் இதில் கொஞ்சம் சேட்டை செய்கிறது. ஊரில் போய் இறங்கியதும் "கனடா நல்லாய்ப் பிடிச்சிட்டுது போல" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். சதை போட்டிருப்பது செழிப்பின் அடையாளம். அதே உடம்பு திரையில் வந்தால் சிரிக்க வேண்டும். ஒரு நகைச்சுவை நடிகரின் பெயருக்கு முன்னால் 'குண்டு' என்று ஒட்டி, குண்டு கல்யாணம் என்றே படத்தலைப்புகளில் போட்டார்கள். அது பட்டமாகவே நின்றுவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில், வசையோ பாராட்டோ இல்லாமல் ஒரு மனிதரின் உடம்பைச் சொல்லும் சொல்லைப் பேச்சுத் தமிழில் தேடவேண்டியிருக்கிறது. 'பருமனானவர்' என்று நான் எழுதுகிறேன். யாரும் அப்படிப் பேசுவதில்லை.

என் மாமி ஒருவர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். பெரிய உடம்பு. சில வருடங்களுக்கு முன் அவரோடு கொழும்புக்குப் போனேன். இடுப்புப் பட்டி எட்டவில்லை. பணிப்பெண் நீட்டிப்புப் பட்டியை எடுத்து, கொடி பிடிப்பதுபோல உயர்த்திக்கொண்டு நாலைந்து வரிசை தாண்டி வந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கு தேவையில்லை. மாமி அதை வாங்கி மாட்டிவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டுபாய் வரைக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. கேட்டதற்கு, "குடிச்சால் எழும்ப வேணும் தம்பி. நான் எழும்பினால் இரண்டு பேர் எழும்ப வேணும். பேசாமல் இருப்பம்" என்றார். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. உடல் பருமன் உள்ளவர்களுக்கு அது இன்னும் கூட. மருத்துவர்கள் எழுந்து நடக்கச் சொல்வதும் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் அதனால்தான். மரியாதை கருதி மாமி இரண்டையும் செய்யவில்லை. விருந்தில் அன்று தலையாட்டியவர்கள் மனதில் இப்படி ஒருவர் இருந்திருக்கமாட்டார். அவர்கள் நினைத்தது முகமில்லாத ஓர் 'அம்பது கிலோ'வை.

இந்த விடயத்தில் கனடாவுக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. இங்கிருக்கும் பலருக்கே அது தெரியாது. 1997இல் கல்கரியிலிருந்து ஒட்டாவாவுக்குப் பறந்த ஒரு பெண் தனக்கு நேர்ந்த அவமதிப்பைப் பற்றி முறையிட்டார். கனடியப் போக்குவரத்து முகமை 2001இல், பருமன் என்பது தன்னளவில் உடற்குறை ஆகாது என்றது. அவர் விடவில்லை. 2006 ஜனவரியில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: விமானப் பயணத்தைப் பொறுத்தவரை அவர் உடற்குறை உள்ளவர்தான். ஒன்பது வருடம்.

இதன்பின் 2008 ஜனவரி 10ஆம் திகதி முகமை வெளியிட்ட முடிவுதான் முக்கியமானது. கூட ஒரு துணையாள் இல்லாமல் பறக்க முடியாத உடற்குறை உள்ளவர்கள், பருமனால் உடற்குறைக்கு உள்ளானவர்கள், இவர்களுக்கு இரண்டாவது ஆசனம் தேவைப்பட்டால் அதற்குக் காசு வாங்கக்கூடாது என்று எயர் கனடா, எயர் கனடா ஜாஸ், வெஸ்ட்ஜெட் மூன்றுக்கும் உத்தரவிட்டது. ஓராளுக்கு ஒரு கட்டணம். பஸ்ஸிலும் புகையிரதத்திலும் கப்பலிலும் துணையாளுக்குத் தனிக் காசு வாங்காத வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது, விமானம் மட்டும் ஏன் விலக்கு என்பது அதன் வாதங்களில் ஒன்று.

நிறுவனங்கள் நட்டப்படுவோம் என்றன. முகமை உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. எயர் கனடாவுக்கு வருடம் ஏறத்தாழ 70 இலட்சம் டொலர். வெஸ்ட்ஜெட்டுக்கு 15 இலட்சம். எல்லாப் பயணச்சீட்டுகளிலும் பகிர்ந்தால் ஒரு சீட்டுக்கு எயர் கனடாவில் 77 சதம், வெஸ்ட்ஜெட்டில் 44 சதம். ஒரு டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கும் குறைவு. நிறுவனங்கள் நீதிமன்றப் படியேறின. மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது; 2008 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது. 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு நிறுவனங்களும் இன்றைக்கும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

யாருக்கு இரண்டாவது ஆசனம் தேவை என்று எப்படித் தீர்மானிப்பது என்ற கேள்வி எழுந்தபோது, முகமை உதாரணமாகக் காட்டியது யாரைத் தெரியுமா? சவுத்வெஸ்டை. கைப்பிடியை முழுவதும் கீழே இறக்க முடிகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிறார்களே, அவ்வளவு எளிது என்றது. அந்தச் சோதனையும் குற்றமற்றதல்ல. 2010 பெப்ரவரியில் திரைப்பட இயக்குநர் கெவின் ஸ்மித்தை இதே சவுத்வெஸ்ட் ஏற்றிவிட்டுப் பின் இறக்கியது. என்னால் இரண்டு கைப்பிடிகளையும் இறக்க முடிந்தது என்று அவர் ஊரைக் கூட்டினார், நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அப்படியிருந்தும் மருத்துவச் சான்றிதழ் கேட்காத, காரணம் விசாரிக்காத முறை அது. கனடா பார்த்து எழுதிய அந்த மூலப்பிரதியைத்தான் இப்போது அதன் சொந்தக்காரர்களே கிழித்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் அறிவிப்பை வெறும் அமெரிக்கச் செய்தியாக என்னால் வாசிக்க முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

புதிய விதியின் சாமர்த்தியத்தையும் பார்க்க வேண்டும். விமானத்தில் ஓர் ஆசனமாவது காலியாக இருந்தால்தான் காசு திரும்பும். காலியாக இருக்குமா என்பது வாங்கும்போது பயணிக்குத் தெரியாது. நத்தார் விடுமுறையில் போகிறவர் திரும்பக் கிடைக்காது என்று வைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். வசதி உள்ளவர் வாங்குவார். மற்றவர் வீட்டில் இருப்பார், செத்தவீடானாலும் கலியாணவீடானாலும்.

"உடம்பைக் குறைக்கலாம்தானே" என்று விருந்தில் கடைசியாக ஒரு குரல் வந்தது. சிலர் குறைக்கலாம், சிலரால் முடியாது. நீரிழிவு மருந்தும் தைரொயிட்டும் பரம்பரையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் நான் அந்த விவாதத்துக்குள் போக விரும்பவில்லை. குடித்துவிட்டுக் காரோட்டிக் காலை இழந்தவருக்கும் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி இலவசம்தான். கால் எப்படிப் போனது என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. பருமனுக்கு மட்டும் முதலில் குற்றப்பத்திரிகை வாசிக்கிறோம்.

கனடாவின் முடிவிலும் ஓட்டைகள் உண்டு. பருமனாக இருந்தால் போதாது, பருமனால் 'உடற்குறை' உள்ளவர் என்று நிறுவ வேண்டும். அதற்கு மருத்துவர் படிவம் நிரப்பித் தர வேண்டும். தன் உடம்பை வியாதி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்கினால்தான் இடம். என் மாமி செத்தாலும் அப்படி ஒரு கடதாசியைக் கொண்டு போகமாட்டார்.

அதைவிடப் பெரிய ஓட்டை, இது உள்நாட்டுப் பயணங்களுக்கு மட்டும் என்பது. 2020 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய ஒழுங்குவிதிகளிலும் இந்த எல்லை தாண்டப்படவில்லை. ரொறன்ரோவிலிருந்து ஒட்டாவாவுக்கு ஒரு மணி நேரம் பறப்பவருக்கு உரிமை இருக்கிறது. டுபாய் வழியாகக் கொழும்புக்கோ சென்னைக்கோ பதினெட்டு இருபது மணி நேரம் போகிறவருக்கு இல்லை. வெளிநாட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்த வேண்டிவரும், ஒப்பந்தங்கள் குறுக்கே நிற்கும் என்பது இதற்கான பதில். கனடாவிலிருந்து புறப்படும் விமானம் தாமதமானால் நட்டஈடு எவ்வளவு என்று 2019இல் விதி வகுத்தபோது, வெளிநாட்டு நிறுவனங்களையும் சேர்த்துத்தான் வகுத்தார்கள். அதற்கு முடிந்தது இதற்கு ஏன் முடியாது என்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். தமிழர் செறிந்து வாழும் ஸ்கார்பரோ, மார்க்கம் தொகுதிகளில் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு இருக்கும்.

குறைந்தபட்சம் ஆசனத்தின் அகலத்தையாவது விற்கும்போதே சொல்லச் செய்யலாம். நான் இதுவரை வாங்கிய பயணச்சீட்டுகளில் கைப்பையின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சென்ரிமீற்றரில் அச்சிட்டிருந்தன. நான் இருக்கப்போகும் ஆசனத்தின் அளவு ஒன்றில்கூட இருந்ததில்லை.